கண்ணீர் வற்றிவிட்டதென்று இருந்துவிடலாமா?

"அழுதழுது கண்ணீரே வத்திப் போச்சுது." 2009 இற்குப் பின் எங்கள் ஊர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. இதற்கு மறுமொழி சொல்ல எவருக்கும் வாய் வராது. அதனாலேயே ஒரு கண் நோயும் இந்தப் பேச்சுக்குள் மறைந்துவிடுகிறது.

நான் கிளிநொச்சியில் தையல் வேலை செய்பவள். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல உறுத்தும். ஊசியில் நூல் கோக்கும்போது நீர் வழியும். "பழசை நினைச்சு அழாதேங்கோ அக்கா" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறுதல் சொல்லுவாள். நான் அழவில்லை.

கண் கிளினிக்கில் வைத்தியர் சிறிய கடதாசிப் பட்டியொன்றைக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிடம் வைத்திருந்தார். அது 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் நீர் போதுமானது என்று கொள்வார்களாம். என்னுடையது நன்றாக நனைந்தது. பின்னர் மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி நீல வெளிச்சத்தில் பார்த்தார். 10 செக்கனுக்கு முன்னரே கண்ணீர்ப் படலம் உடைந்தது. "நீர் குறைவில்லை அம்மா, எண்ணெய்தான் குறைவு" என்றார்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. இமை ஓரத்துச் சுரப்பிகள் தரும் எண்ணெய் அதை மூடிக் காக்கிறது. எண்ணெய் குறைந்தால் நீர் ஆவியாகும். கண் காய்ந்து எரியும். அந்த எரிவால் மேலும் நீர் வழியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அடுப்புப் புகையும், இமைக்க மறந்து செய்யும் வேலையும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதை அதிகமாக்கும்.

இப்போது அச்சுரப்பிகளை அகச்சிவப்புக் கதிர்க் கமராவால் படம் பிடிக்கலாம். எவ்வளவு அழிந்துள்ளதென்று அந்தப் படத்தைப் பார்த்துக் கணிக்க, 2019 இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 700 இற்கு மேற்பட்ட படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கிச் சோதித்தார்கள். இதனைச் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். அதே ஆண்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், நீரிழிவு விழித்திரையைப் பாதித்துள்ளதா என்று பார்க்க இத்தகைய கணினி முறை பயன்பாட்டுக்கு வந்தது. கண் வைத்தியர் குறைந்த இடங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த நோயில் படமும் வேதனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சுரப்பி நன்றாக இருந்தும் கண் எரியலாம். அழிந்திருந்தும் எரியாமல் இருக்கலாம். கமராவுக்குச் சுரப்பி தெரியும். எமது வேதனை தெரியாது. அதை நாம்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். எத்தனை மணித்தியாலம் தைக்கிறோம், என்ன மாத்திரை எடுக்கிறோம், வாயும் வறண்டு மூட்டும் நோகிறதா என்பதையெல்லாம் சொல்லுங்கள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, தாங்கக்கூடிய சூட்டில், மூடிய இமைமேல் சில நிமிடம் வைத்து மெதுவாக நீவிவிடலாம். வேலைக்கிடையே நன்றாக இமைக்கலாம். தாய்ப்பாலோ பூச்சாறோ கண்ணில் விடவேண்டாம். கடும் நோவோ பார்வை மங்கலோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சகோதரிகளே, எமது துயரம் உண்மையானது. அதற்காகக் கண் எரிவையும் அந்தத் துயரத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டியதில்லை. அதற்கு மருந்து உண்டு.