பிறேக் ஒயில் எங்கே போனது?

2011ம் ஆண்டு ஏப்ரல் மாதம். நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணியளவில் நானும் மனைவியும் எட்டு வயதுப் பேரனும் எனது பழைய பிக்கப்பில் கொழும்புக்குப் புறப்பட்டோம். மைத்துனர் வீட்டுத் திருமணச் சமையலுக்கென்று வாங்கிய கோவா, கரட், உருளைக்கிழங்கு எல்லாமாகப் பின்னால் ஐந்நூறு கிலோவுக்குக் குறையாத சுமை. வாகனம் 1987ம் ஆண்டில் ஜப்பானில் செய்யப்பட்டது. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக், பின்சில்லுகளுக்கு ட்றம் பிறேக்.

லபுக்கலையைக் கடந்து இறம்பொடையை நோக்கி இறங்கும் வீதி எப்படிப்பட்டதென்பதை அவ்வழியே போனவர்கள் அறிவார்கள். தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைவுக்கு மேல் வளைவு. எனக்கு முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபடியால் நான் பிறேக்கில் காலை வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் காலை அழுத்தியபோது பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல், நனைந்த பஞ்சுமூட்டையை மிதித்தாற்போல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. விட்டு மறுபடி மிதித்தேன். சற்று உயர்ந்தது. மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம். இரண்டாம் கியருக்கு இறக்கிக் கைப்பிறேக்கை இழுத்தேன். வாகனம் வலப்புறமாக இழுபட்டதே தவிர, உடனே நிற்கவில்லை. வீதியோரம் கொட்டியிருந்த மணற்குவியல் ஒன்றில் முன்சில்லை ஏற்றித்தான் நிறுத்தினேன். குவியலுக்கு அப்பால் பள்ளம். பேரன் இதை ஒரு வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தான். மனைவி ஒன்றும் பேசவில்லை.

அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பின்னர் பெடலை மிதித்துப் பார்த்தபோது முன்னரிலும் இறுக்கமாக இருந்தது. ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. இந்த 'அரைகுறை' தான் நோயின் முக்கியமான அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதலாம் கியரில், நடக்கும் வேகத்தில், புசல்லாவைக்கு வந்து சேர்ந்தோம்.

கடைத்தெருவுக்கு அப்பால் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கராஜ். எழுபதை எட்டியிருக்கக்கூடிய ஒரு பெரியவரும் ஒரு பையனும் இருந்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்: இரண்டு மாதங்களாகவே பெடல் மெதுமெதுவென்றிருந்தது, கொழும்பில் ஒரு கராஜில் காட்டினேன், எயார் புகுந்துவிட்டது என்று பிளீட் செய்து தந்தார்கள், ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. இடையிடையே ஒயில் மட்டம் குறையும்போது நானே போத்தலிலிருந்து ஊற்றிக்கொள்வேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஊத்தின ஒயிலு எங்கங்க ஐயா போச்சு?"

நாற்பது ஆண்டுகளாக ஊரிலுள்ளவர்களையெல்லாம் எங்கே, எப்போது, எப்படி என்று கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். இந்தக் கேள்வியை என்னிடமே ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறேக் ஒயில் பெற்றோலைப்போல் எரிந்து தீர்வதல்ல. அடைபட்ட குழாய்களுக்குள் இருப்பது. சில்லுகளின் பிறேக் தேயத் தேய மட்டம் மிக மெல்லச் சிறிது இறங்கலாம். மாதம் இருமுறை ஊற்ற வேண்டியிருந்தால் அது வெளியே போகிறது என்றே பொருள். ஒயில் வெளியேறும் வழியால் காற்றும் உள்ளே வரக்கூடும். காற்றை மட்டும் எடுத்துவிட்டு வழியை அடைக்காமல் விட்டால் ஒரு வாரந்தான் தாங்கும்.

பெரியவர் உடனே ஸ்பனரை எடுக்கவில்லை. ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, இயந்திரத்தை இயக்காமல், காலாலேயே சோதித்தார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதலில் ஒரே மிதி. பெடல் ஆழத்துக்குப் போயிற்று. பிறகு விரைவாக நான்கைந்து மிதி. பெடல் உயர்ந்தது, ஆனால் உயர்ந்த இடத்திலும் வில்போலத் துள்ளியது. பின் ட்றம்முக்குள் இருக்கும் ஷூக்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் முதல் மிதி ஆழமாகத்தான் போகுமாம். ஆனால் மிதித்து உயர்த்தியபின் கல்லைப்போல் நிற்குமாம். துள்ளினால் உள்ளே காற்று, அல்லது றப்பர் குழாய் ஏதாவது ஊதுகிறது. பையனை விட்டு ஒவ்வொரு சில்லின் றப்பர் குழாயையும் விரல்களால் பற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு மிதித்தார். எதுவும் வீங்கவில்லை.

அடுத்து, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்தார். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஒயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் கப் தேய்ந்து ஒயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. பின்னதில் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, மட்டமும் குறையாது, ஆகையால் ஏமாற்றும். எங்கள் வாகனத்தில் மிகச் சிறிதளவு இறங்கியது. இறுதியாகப் பெடலை அழுத்தியபடியே இயந்திரத்தை இயக்கினார். கால் சற்றுக் கீழே போயிற்று. பூஸ்டர் சரி என்றார். பூஸ்டர் பழுதானால் பெடல் பஞ்சாகாது, மரக்கட்டையாகும்.

பிறகுதான் ஒயில் இருந்த சிறு தாங்கியின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது ஊறிய தேயிலைச் சாயத்தின் நிறம். நான் ஊற்றிவந்த போத்தலைக் கேட்டு வாங்கினார். மூடி உடைத்து இரண்டு ஆண்டுகளாவது இருக்கும். கருவிப் பெட்டியில் கிடந்தது. அதை அவர் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஒயில் என்று சொல்லுகிறோமேயொழிய அது எண்ணெய் அன்று. பெரும்பாலான வாகனங்களில் உள்ளது கிளைக்கோல் இனத் திரவம்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. (அவசரத்துக்கு இயந்திர எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர்களெல்லாம் ஊதிக் கெட்டுவிடும், அப்படியும் செய்கிறவர்கள் உண்டு.) டொட் 3 என்ற தரத்திலுள்ள புதுத் திரவம் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 என்றால் முறையே 230, 155. சுமையோடு, பஸ்ஸுக்குப் பின்னால், காலை எடுக்காமல் இறங்கிய என் முன்சில்லு டிஸ்க்குகளின் சூட்டுக்கு அந்த ஈரத் திரவம் கொதித்து ஆவியாயிற்று. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலின் அழுத்தம் சில்லுக்குப் போகாமல் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகியபடியால் பெடல் ஓரளவு திரும்பியது. திரும்பாத மீதிக்கு வேறு காரணம் இருக்க வேண்டுமல்லவா?

"கைப்பிறேக்கு எந்தப் பக்கம் இழுத்துச்சு?" என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன். நேராகப் பின் இடது சில்லுக்குப் போனார். கைப்பிறேக் கம்பிவடத்தால் பின்சில்லுகளின் ஷூக்களைத்தான் இழுக்கிறது. வலது பிடித்து இடது வழுக்கினால் வாகனம் வலப்புறம் திரும்பும். ட்றம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் றப்பர் உறையை ஆணியால் மெல்லத் தூக்கினார். உள்ளிருந்து கறுத்த திரவம் வழிந்தது. ஷூ இரண்டும் நனைந்து மினுங்கின. நான் இரண்டு மாதங்களாக ஊற்றியதெல்லாம் அங்கே இருந்தது. ட்றம்முக்குள்ளேயே தங்கியதால் நிலத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. கொழும்புக் கராஜில் அந்தச் சில்லைக் கழற்றியிருந்தால் பத்து நிமிட வேலை.

பையன் பஸ்ஸில் கம்பளைக்குப் போய்ப் புதுச் சிலிண்டரும் ஷூக்களும் இரண்டு போத்தல் ஒயிலும் வாங்கி வர இரண்டரை மணி நேரமாயிற்று. ஒயில் குடித்த ஷூவைக் கழுவிப் போடலாகாது என்பதிலும், ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றவேண்டும் என்பதிலும் பெரியவர் பிடிவாதமாக இருந்தார். பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றினார். தூரத்துச் சில்லிலிருந்து கிட்டத்துச் சில்லுக்கு என்ற ஒழுங்கில், போத்தலுக்குள் அமிழ்ந்த கண்ணாடி நிறக் குழாயில் குமிழி நிற்கும்வரை பிளீட் செய்தார். மிதிக்கும் வேலை எனக்கு. தொடங்குமுன் பெடலின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்தார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை அடிவரை மிதித்தால், அன்றாடம் கப் போகாத, துருப்பிடித்த பகுதிக்குள் அது போய்க் கிழிந்துவிடுமாம். இதை எந்தக் கராஜிலும் அதற்கு முன் நான் கண்டதில்லை.

மாலை நான்கரைக்குப் புறப்பட்டோம். பெடல் இரண்டங்குலத்துக்குள் நின்றது. கம்பளையில் ஒருமுறை நிறுத்தி மூடியைத் திறக்காமலே மட்டத்தைப் பார்த்தேன், பேராதனையில் மறுபடி, கொழும்பில் வீட்டு வாசலில் மறுபடி. கோடு அசையவில்லை. பழைய போத்தலைப் பெரியவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.