வண்டலூரில் விட்டுவிட்டு வந்த பிள்ளை



போன ஞாயிறு என் பழைய மாணவன் ஒருவன் சென்னீர்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சாஃப்ட்வேர் வேலை. "என்னப்பா பண்றே இப்போ?" என்றேன். "ஏஜென்ட் செய்யறேன் டீச்சர்" என்றான். எனக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட்தான் ஞாபகம் வந்தது!

அது வேறாம். பல ஏ.ஐ. புரோகிராம்கள் ஒரு வேலையைப் பங்கு போட்டுச் செய்வது. ஒன்று வாடிக்கையாளர் கடிதத்தைப் படிக்கும், ஒன்று சரக்கு இருப்பைப் பார்க்கும், ஒன்று பதில் எழுதும். தனித்தனியாகச் சோதித்தால் எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். சேர்த்து விட்டால் ஒருவருக்கு இரண்டு பதில் போகிறது, இன்னொருவருக்குப் பதிலே இல்லை.

இதற்கு மருந்து பழைய சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்தான் என்றான். 2000-லேயே வூல்ட்ரிட்ஜ், ஜென்னிங்ஸ், கின்னி என்ற மூவர் 'கையா' என்றொரு முறையை எழுதியிருக்கிறார்கள். புரோகிராம் எழுதும் முன்பே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் பொறுப்பு, எதைத் தொட அனுமதி, தனியாகச் செய்யும் வேலை, மற்றவரோடு பேசும் முறை எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட வேண்டும். பொறுப்பிலும் இரண்டு வகை: நடந்தே ஆக வேண்டியது, நடக்கவே கூடாதது.

எனக்குச் சுருக்கென்றது.

1994-இல் நாலாம் வகுப்பை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனோம். இரண்டு பஸ், நான்கு ஆசிரியர்கள். சாப்பாடு யார், தண்ணீர் யார் என்று டூட்டி லிஸ்ட் அழகாக இருந்தது. திரும்பும்போது தாம்பரத்தில்தான் ஒரு பெண் குழந்தை இல்லை என்று தெரிந்தது. முன் பஸ்ஸில் இருப்பாள் என்று நான் நினைத்தேன். பின் பஸ்ஸில் இருப்பாள் என்று அவர்கள் நினைத்தார்கள். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி ஓடினோம். வாசல் காவலாளி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் என் நோட்டில் ஒரு விதி: எண்ணியவர் கையெழுத்து, ஒப்புக்கொண்டவர் கையெழுத்து, இரண்டும் விழாமல் பஸ் நகரக் கூடாது. "இதேதான் டீச்சர்" என்று பையன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும். ஏஜென்ட்களுக்குள் உண்மையான முரண்பாடு வராது என்று வைத்துக்கொண்டுதான் அந்த மூவரும் எழுதினார்களாம். எங்கள் ஸ்டாஃப் ரூமைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அவனிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அன்று பின் பஸ்ஸில் எண்ண வேண்டியவள் நான். எண்ணவில்லை. பழி புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு டீச்சர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளை இதைப் படித்தால் ஒரு வரி எழுதம்மா.