ஒரே தண்டவாளம், இரண்டு பள்ளிக்கூடங்கள்

போன மாதம் என் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி வைத்தேன். ‘உங்கள் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்? தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா, சீனப்பள்ளியா?’ அடுத்த நிமிடமே எல்லா இணைப்புகளும் நிறைந்துவிட்டன. தாய்மொழிக் கல்விதான் அடித்தளம் என்றார் ஒருவர். நாளைக்கு வேலை சீனமொழி தெரிந்தவனுக்குத்தான் என்றார் இன்னொருவர். கடைசியாகப் பேசிய ஓர் அம்மா கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும் அறிவிப்பாளரே, நீங்க உங்க பிள்ளைய எங்க அனுப்பப் போறீங்க?”

நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பாட்டுப் போட்டேன். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. என் மகள் முதலாம் ஆண்டில் கால் வைக்கப் போகிறாள். வீட்டிலும் இதே பட்டிமன்றம்தான். என் கணவர் தேசியப் பள்ளி என்கிறார். “பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையோட சேர்ந்து வளரட்டும்” என்பது அவர் கட்சி. அதில் தப்பு சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் அம்மாவையும் மகளையும் சந்தித்தேன். துணி எடுக்க இருவரும் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள். பசியாறிவிட்டு, துன் சம்பந்தன் சாலையில் மல்லிகைப்பூ வாசத்துக்கும் பலகாரக் கடைகளுக்கும் நடுவே நடந்தோம்.

‘செங்கல் வயல்’ என்று பொருள்படும் பெயர் இந்த இடத்துக்குச் சும்மா வரவில்லை. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, மரமும் அத்தாப்புக் கூரையும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்ட இடம் இது. பின்னால் ரயில்வே வந்தது. அதோடு யாழ்ப்பாணத் தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தார்கள். அவர்கள் குடியிருந்த ‘நூறு வீடு’ இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். 1904-இல் அவர்கள் எழுப்பிய விவேகானந்தர் ஆசிரமம் மட்டும் நிற்கிறது. 2014-இல் அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது பொதுமக்கள் எதிர்த்து நின்றார்கள். 2016-இல் அது மரபுடைமைக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

ரயில்வே குமாஸ்தாவின் பிள்ளைகளுக்கு விக்டோரியா கல்விக்கூடம், மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி போன்ற ஆங்கிலப் பள்ளிகள் எட்டும் தூரத்தில் இருந்தன. அங்கே படித்தவர்கள் வழக்கறிஞரானார்கள், மருத்துவரானார்கள். அதே தண்டவாளத்தின் மறுமுனையில், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் கதை வேறு. அந்தக் கதைதான் என் அம்மாவுடையது.

கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினோம். சிலாங்கூரின் முதல் ரயில் பாதை இது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை வந்தது. பாலம் கட்டியபின் 1890-இல் கிள்ளானைத் தொட்டது. அங்காசாபுரி நிலையம் வந்ததும் மகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள். மின்னல் எஃப்எம் இருக்கும் கட்டடம் அங்கேதான். சின்ன வயதில் அந்த வானொலியைக் கேட்டுத்தான் எனக்கு இந்த வேலைமேல் ஆசை வந்தது.

பெட்டாலிங் தாண்டியதும் அம்மா பேச ஆரம்பித்தார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. “பாப்பாவ தமிழ்ப்பள்ளியில போடாதடி. நான் ஆறாவதோட நின்னது போதும்.”

அம்மா படித்தது கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில். தோட்டத்துக்குப் பள்ளி வந்ததே ஒரு சட்டத்தால்தான். 1923-இன் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரே ஓர் அறை. கங்காணியோ கிராணியோ வாத்தியாரான இடங்களும் உண்டு. பிள்ளை கையெழுத்துப் போட்டால் போதும், பிறகு பால் வெட்டப் போகலாம் என்பதே அன்றைய கணக்கு.

சுதந்திரத்துக்கு முன்பே இதைச் சீர்திருத்தும் விவாதம் தொடங்கிவிட்டது. 1951-இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. சீனர்களும் இந்தியர்களும் எதிர்த்தார்கள். 1956-இன் ரசாக் அறிக்கைதான் நடுவழி கண்டது. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகள் இருக்கலாம், பாடத்திட்டம் மட்டும் எல்லாருக்கும் பொது. ஆனால் 1961-இன் கல்விச் சட்டத்துக்குப் பிறகும் இடைநிலைப்பள்ளி தமிழில் இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை வேறு மொழிக்குத் தாவ வேண்டும்.

அந்தத் தாவலில்தான் அம்மா விழுந்தார். “பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னா தோட்டத்துலேருந்து மூணு மைல் நடந்து போயி பஸ் ஏறணும். தம்பி ஆயாக் கொட்டகையில அழுவான். அப்பா போக வேணாம்னுட்டாரு.” அதே தாத்தா மாதம் பத்து வெள்ளி எடுத்துவைத்தவர். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தப் பணம் போனது. நிலத்துக்குப் பணம் கட்டிய தாத்தாவால் மகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை.

என் முறை வந்தபோது பஸ் இருந்தது. ஆனால் மலாய்மொழியில் மதிப்பெண் குறைந்ததால் நான் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டியிருந்தது. என் வயதுப் பிள்ளைகள் படிவம் ஒன்றில் இருக்க, நாங்கள் தனி வகுப்பு. “இவங்க லேட்டா வந்த ரயில்” என்று ஓர் ஆசிரியர் கேலி செய்தார். அதன்பிறகு பள்ளியைவிட்டே நின்றுவிட்ட தோழிகள் எனக்கு உண்டு.

சீர்திருத்தங்களுக்குக் குறைவே இல்லை. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012-இல் பழைய மொழிக்குத் திரும்பத் தொடங்கின. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. ஆங்கிலம் நல்லதுதானே என்று ஒரு தரப்பும், தமிழ்ப்பள்ளியில் தமிழ் வெறும் பாடமாகிவிடும் என்று மறுதரப்பும் மோதிக்கொண்டன. 2021-இல் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வே ஒழிந்தது. இந்தப் பள்ளிகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்ற வழக்கும் நடந்தது. முரணல்ல என்று 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

எல்லா விவாதமும் மொழியைச் சுற்றியே நடக்கிறது. மண்ணைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பள்ளி நிற்கும் நிலம் தனியாருடையது என்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு தரும். கூரை ஒழுகினால் பெற்றோரும் பள்ளி வாரியமும் நன்கொடைப் புத்தகத்தோடு அலைய வேண்டும். அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு தகராறு பல காலமாக உண்டு. அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு விலை குறைந்த பகுதியில் பள்ளியும் இளைக்கிறது. ஊர் எதுவானாலும், பிள்ளை எந்த மண்ணில் பிறந்தது என்பது அதன் வகுப்பறையைத் தீர்மானித்துவிடுகிறது.

கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையில் மகளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டோம். நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி இந்த நகரத்தில்தான் இருக்கிறது. நாடு முழுக்க ஐநூற்றுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள். இன்னொரு பக்கம், விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் பிள்ளைகள் உள்ளவையும் அவற்றில் உண்டு.

நாங்கள் போனது அம்மாவின் பழைய பள்ளிக்கு. தோட்டம் அழிந்து தாமானாகிவிட்டது. பள்ளி மட்டும் வேறு இடத்துக்கு மாறியும் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல்லை விடவில்லை. அன்று பெற்றோர்கள் கூட்டுப்பணியில் இருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று சுவருக்குச் சாயம் அடிக்க, இரண்டு அம்மாக்கள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாலர் பள்ளி வகுப்பும் கணினி அறையும் பார்த்தோம்.

தலைமையாசிரியரிடம் நேராகவே கேட்டேன். “இங்கேருந்து போற பிள்ளைங்க இடைநிலைப்பள்ளியில தடுமாறுறாங்களா?”

“சில பேர் தடுமாறுறாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். நாலாம் ஆண்டுலேருந்தே மலாயில கட்டுரை எழுத வைக்கிறோம். வீட்லயும் கொஞ்சம் பார்த்துக்கணும்மா” என்றார். ‘எல்லாம் பிரமாதம்’ என்று அவர் சொல்லியிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன்.

வெளியே வந்தபோது அம்மாவும் மகளும் நூலகத்தின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் முதலாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூல். அம்மா எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படிக்க, மகள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் கணவருக்கும் வேலை முடிய மாலையாகிவிடும். பள்ளி விட்டதும் பிள்ளையோடு இருக்கப் போவது இந்த ஆறாவது படித்த பாட்டிதான். மலாய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் அவர் பக்கத்தில் உட்கார மட்டும்தான் முடியும். தமிழ்ப் புத்தகமென்றால் சொல்லிக்கொடுக்க முடியும்.

“என்னம்மா, வேணாம்னு சொன்னீங்களே?” என்றேன்.

“நின்னது தமிழால இல்லடி. பஸ் இல்லாததால” என்றார், புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே.

அன்று இரவு கணவரோடு உட்கார்ந்து பேசினேன். மலாய் அவர் பொறுப்பு, ஆங்கிலம் என் பொறுப்பு. சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு திடலில் விளையாட்டு கட்டாயம். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பதில் அல்ல. தேசியப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் தமிழை விற்றுவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை நிகழ்ச்சியில், அந்த அம்மாவின் கேள்விக்குப் பாட்டுப் போடாமல் பதில் சொன்னேன். முதல் அழைப்பே அவருடையதாக இருந்தது. “சரிம்மா, அங்க பஸ் வசதி எப்படி?” என்று கேட்டார்.