களைப்புக்கு ஒரு காரணம் உண்டு

களைப்பாக இருக்கிறது என்று சொல்லாத பெண்ணை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. அம்மா சொல்வார், பெரியம்மா சொல்வார், அக்கா முப்பது வயதிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "உடம்புல தெம்பே இல்லடி" என்பார்கள். சொன்ன கையோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். யாரும் அதை நோயாக எடுத்துக்கொண்டதில்லை. வயசு, வேலை, வெயில் என்று ஏதாவது ஒன்றின் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். உணவைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் நான் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தத் தெம்பு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் இந்த வகை நூல்களுக்குப் பஞ்சமே இல்லை. இயற்கை மருத்துவம், சித்த மருத்துவம், வார இதழ்களோடு வந்த இணைப்புகள், யாரோ கோடு போட்டுப் படித்த உபவாசப் புத்தகங்கள் என்று எது கிடைத்தாலும் வாங்கினேன். காந்தியின் ஆரோக்கியத் திறவுகோல் அப்படிக் கிடைத்ததுதான். 1942ல் ஆகா கான் மாளிகையில் சிறையிருந்தபோது எழுதியது. பாலை விட்டுவிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் விரும்பியவர், அதற்கு ஈடான தாவர உணவு தனக்குக் கிடைக்கவில்லை என்பதை அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அந்தச் சிறு நூலை நான் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். பின்னால் ஆனந்த விகடனில் மருத்துவர் கு. சிவராமனின் ஆறாம் திணை வந்தது. தினையும் வரகும் சாமையும் நகரத்து மளிகைக் கடைகளுக்குத் திரும்பி வந்ததில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பத்திரிகைத் தொடர் ஒரு ஊரின் சமையலறையை மாற்ற முடியும் என்று அப்போது கண்ணால் பார்த்தேன்.

ஆனால் என் படிப்பைத் திருப்பிவிட்டது குன்னூர்.

சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது, 1907ல் தொடங்கியது. அங்கே ஓர் அறையில்தான் 1918ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வைத்துத்தான் பல தலைமுறை மருத்துவர்கள் பத்தியம் எழுதினார்கள். நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு விதை விழுந்தது எங்கள் மலையில்தான் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டிய செய்தி.

பெரிபெரி என்பது, எளிமையாகச் சொன்னால், களைப்பின் கடைசிப் படி. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு இதயமே ஓய்ந்துவிடும். நோயாளிகள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்; வயிறாரச் சோறு தின்றவர்கள். சோற்றின் மாவுச்சத்தை உடம்பு சக்தியாக மாற்ற வைட்டமின் பி1, அதாவது தயமின், வேண்டும். அது அரிசியின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஆலையில் பளபளவென்று தீட்டினால் போய்விடும். விறகு நிறைய இருந்தும் அடுப்பு பற்றாத நிலை அது.

பழைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் எல்லா இடத்திலும் இல்லை. இன்றைய ஆந்திரத்தின் கரையோரத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட பகுதிகளில்தான் அதிகம். தெற்கே புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அரிது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. கஞ்சி வடித்துக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போகும். எங்கள் பாட்டிமார் வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தது நல்ல காரியம். நெல் அவித்த பெண்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. ஆனாலும் அவர்கள் கைவேலை ஒரு மக்கள் கூட்டத்தையே காத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து புழுங்கலரிசியை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் விவாதம் செய்யாமல் விடுவதில்லை.

மெக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் பல பகுதிகளின் அன்றாட உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்தவை சராசரியாக 235 கிராம் எடைக்கு வந்தன. மதராஸ் உணவில் வளர்ந்தவை 155 கிராம், எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த முடிவைக் கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று பலர் சுருக்கிக்கொண்டார்கள். அந்த மதராஸ் தட்டில் இருந்தது தீட்டிக் கழுவிய அரிசி. பாலும் மோரும் பேருக்குத்தான். அதே மாகாணத்தில் கம்பஞ்சோறும் ராகிக் களியும் தின்று காட்டில் பாடுபட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அந்தத் தட்டு அவர்களுடையது அன்று.

இந்த மெக்காரிசனிடமிருந்துதான் ஆரோக்கிய நூல்களின் மிகப் பெரிய கதையும் பிறந்தது. குன்னூருக்கு வருமுன் அவர் இமயத்துக்கு அப்பால் கில்கித்தில் மருத்துவராக இருந்தார். பக்கத்து ஹுன்சா பள்ளத்தாக்கு மக்களின் உடல்வலுவையும் நீண்ட ஆயுளையும் வியந்து எழுதினார். ரெஞ்ச் என்ற ஆங்கில மருத்துவர் 1938ல் அதை ஒரு நூலாக விரித்தார். 1948ல் அமெரிக்கர் ரோடேல் இன்னொன்று எழுதினார். பிறகு நோயே அறியாமல் நூறு வயதைத் தாண்டும் ஹுன்சா மக்கள் உலகமெங்கும் புத்தகங்களில் வலம் வந்தார்கள். உலர்ந்த சர்க்கரை பாதாமிப் பழம் சக்தி மருந்தானது. பிறந்த தேதியை எழுதிவைக்கும் வழக்கமே இல்லாத இடத்தில் வயதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அந்த நூல்கள் கேட்கவில்லை. 1950ஐ ஒட்டி அங்கே தங்கி மருந்து கொடுத்த ஜான் கிளார்க் என்ற அமெரிக்க நிலவியலாளர் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மெக்காரிசனே கில்கித்தில் பல ஆண்டு ஆராய்ந்தது அங்கத்துக் கிராமங்களை வாட்டிய முன்கழுத்துக் கழலையைத்தான்.

ஒரே மனிதரின் எழுத்திலிருந்து இரண்டு வகைப் படிப்பு கிளம்பியிருக்கிறது. ஒன்று, எங்கோ ஒரு மலையில் பூரணமான மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தின்பதை நீயும் தின்றால் அந்தத் தெம்பு உனக்கும் வரும் என்கிறது. இன்னொன்று, உன் ஊரில் நடை தளர்ந்துபோன மனிதனின் தட்டில் எது இல்லை என்று தேடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் உயர்ந்த படிப்பு. அது எதையும் விற்பதில்லை. களைப்புக்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கலாம் என்ற மரியாதையைக் களைத்த மனிதருக்குக் கொடுக்கிறது.

பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு சுற்றுகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்புச்சத்து, 12 மணி நேரம் ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுமாம். பழைய சோறு எனக்குப் பிடித்த உணவு. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இருந்தால் கோடைக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம். ஆனாலும் இந்தக் கணக்கை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதை உண்டாக்க முடியாது. சோற்றிலோ தண்ணீரிலோ பாத்திரத்திலோ இருந்தால்தான் உண்டு. புளிக்கும்போது நடப்பது வேறு: தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட் கொஞ்சம் சிதைகிறது, இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது எளிதாகிறது. முளைகட்டினாலும் இதுவே நடக்கும். பழைய சோற்றின் பெருமைக்கு இது போதாதா? இல்லாத 73 எதற்கு? அதை நம்பி ஒரு பெண் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் அந்தக் கெடுதலுக்கு யார் பொறுப்பு?

அக்காவுக்கு அதுதான் நடந்திருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். பேரீச்சம்பழம், அத்திப்பழம், பீட்ரூட் சாறு என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். எல்லாம் நல்ல உணவுதான். நான் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் எட்டுக்குச் சற்று மேல். கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. "இத்தன நாளா எப்படிம்மா நடமாடிட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "வேல இருந்துச்சுங்களே டாக்டர்" என்றாள் அக்கா. அந்தப் பதில் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

அவள் ஒருத்தி இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். தெருவில் எதிரே வரும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு, உடம்பெங்கும் பிராணவாயு கொண்டுபோகும் பொருளே குறைவு. அவளிடம் போய் உற்சாகமாக இரு, அதிகாலையில் எழு, நல்லதை நினை என்று சொல்கிற நூலை என்ன சொல்ல?

அந்த டாக்டர் செய்த முதல் வேலை, ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டதுதான். மாதவிடாய்ப் போக்கு, வயிற்றுப் புண், கொக்கிப்புழு ஒவ்வொன்றையும் விசாரித்தார். அவ்வளவு தாழ்ந்த ரத்தத்தை உணவால் மட்டும் தூக்கிவிட முடியாது, மாத்திரை கட்டாயம் வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டது: "சாப்பிட்டதும் காபி குடிப்பீங்களா?"

எங்கள் வீட்டில் காபி இல்லாமல் காலைச் சாப்பாடு முடிவதில்லை. தேநீரிலும் காபியிலும் இருக்கும் பாலிபீனால்கள் தாவர உணவின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். 1983ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து பார்த்தது. உணவோடு காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது, தேநீர் என்றால் 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ உணவோடு குடித்த அளவுக்கே தடுத்தது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் இதற்கு நேர் எதிர். அவற்றின் வைட்டமின் சி இரும்பை உள்ளே அழைத்துக்கொள்கிறது. கீரைக் கடைசலோடு நெல்லிக்காய்த் துவையல் என்பது செலவே இல்லாத மருத்துவம். அக்கா காபியை விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. காலையில் எழுந்ததும் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று நகர்த்திக்கொண்டாள். மாத்திரையும் இந்த நகர்த்தலுமாகச் சில மாதங்களில் மாடிப்படி அவளுக்குச் சாதாரணமானது. கோபம்கூடக் குறைந்தது என்று அவள் மாமியார் சொன்னார்: "முன்னெல்லாம் எரிஞ்சு எரிஞ்சு விழுவாள் கண்ணு. அது குணம்னு நெனச்சேன், நோயின்னு யாருக்குத் தெரியும்."

மெக்காரிசனின் எலிகளுக்குத் திரும்ப மனம் போகிறது. பஞ்சாப் உணவு, மதராஸ் உணவு என்று அவர் பிரித்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு உணவு இருப்பதை அந்தக் கூண்டுகள் காட்டவில்லை. பருப்பின் அடியில் கெட்டியாக இருப்பது முதலில் உட்காருகிறவர்களுக்குப் போகிறது. கடைசியில் உட்காருகிறவளுக்கு ரசமும் சோறும். முட்டை எண்ணி வாங்கும் வீடுகளில் எண்ணிக்கையில் அவள் சேர்வதில்லை. சத்தான சாப்பாட்டைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்ட பக்கங்கள் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் சேர்ந்து உட்காருகிறோம். பாத்திரங்கள் நடுவில் இருக்கும், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். கடைசித் தட்டு என்று ஒன்று இல்லாமல் போனதை நான் ஊட்டச்சத்துக் காரியமாகத்தான் நினைக்கிறேன்.

சிறுதானியத்தைப் பற்றியும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். வேறெந்தத் தானியத்திலும் அந்த அளவு இல்லை. கம்பில் இரும்பு அரிசியைவிடப் பல மடங்கு. ஏழை வீட்டு உணவாக இருந்தவை பேக்கட்டுக்குள் போய், அந்த ஏழை வீட்டால் வாங்க முடியாத விலைக்கு வந்துவிட்டன. வீட்டுக்கு வருவது ரேஷன் அரிசி. 2023 முதல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். தீட்டிய அரிசியின் குறையை ஆராய்ந்த குன்னூரும் அந்த நீலகிரியில்தான் இருக்கிறது. அது எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும். கேழ்வரகோடு நிற்காமல், கம்பு விளையும் பக்கத்தில் கம்பும் சோளமும் கொடுக்க வேண்டும். கொடுப்பதோடு, அதே தெருவில் இருக்கும் பெண்களுக்கு வருடத்தில் ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பார்த்து, எண்ணை அவர்கள் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. உங்கள் வீட்டில் களைப்பாக இருக்கிறது என்று சொல்கிற பெண்ணை இந்த வாரமே கூட்டிப்போங்கள்.