செங்கல் வியர்க்கட்டும்

மொகஞ்சதாரோவின் சுவர்கள் நாலாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தன. மண் மூடியிருந்த வரை அவை பெரிதாகச் சேதமடையவில்லை. 1922-இல் முறையான அகழாய்வு தொடங்கி, வெயிலும் காற்றும் பட்ட பிறகுதான் உதிரத் தொடங்கின. அடிவரிசைச் செங்கற்களின் மேல் வெள்ளையாக உப்பு பூக்கிறது. பூத்த இடத்தில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உரிகிறது. அடி தேய்ந்து போன சுவர், ஒருநாள் தன் பாரத்தைத் தாங்க முடியாமல் சரிகிறது. சிந்து சமவெளி மக்கள் அந்தச் செங்கல்லை 1:2:4 என்ற மாறாத அளவில் அறுத்துச் சூளையில் சுட்டு அடுக்கியவர்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. சுவரை அழிப்பது தண்ணீர் சுமந்து வரும் உப்பு.

இந்தக் காட்சியைப் பார்க்கச் சிந்து மாகாணம் வரை போக வேண்டியதில்லை. குளியலறையை ஒட்டிய சுவரிலும், கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளிலும், ஆசையாகப் பதித்த டெரகோட்டா தரையிலும் இதே உப்புதான் பூக்கிறது. சுண்ணாம்பு பொரிந்து விழுகிறது. வீட்டுக்காரர் பெயின்ட் கடைக்குப் போகிறார். தண்ணீரே புகாத ஒரு பூச்சை வாங்கி வந்து அடிக்கிறார். கேடு பெரும்பாலும் அங்கிருந்துதான் முற்றுகிறது.

சுட்ட மண் என்பது துளைகளின் வலை. சாதாரணச் செங்கல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினால், தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே (ஐ.எஸ். 1077) இடம் கொடுக்கிறது. வலிமை கூடிய ரகங்களுக்கு 15 சதவீதம். கடையில் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸுக்கு இதே கணக்கு அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே மாதிரி பராமரிக்க முடியாது. செங்கல்லும் டெரகோட்டாவும் தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை ஆவியாக வெளியே விடும். மண்பானை வியர்ப்பதுபோல அவையும் வியர்க்க வேண்டும்.

உப்பு எப்படிக் கல்லை உடைக்கிறது என்பதை மொகஞ்சதாரோவைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது. 1932-இல் சிந்து நதியின் குறுக்கே சுக்கூர் அணை திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் வாய்க்காலில் நீர் ஓடியது. சுற்றிலும் நெல் வயல்கள் பெருகின. நிலத்தடி நீர் மேலே ஏறியது. அந்த நீரை, மண்ணில் கரைந்திருந்த உப்போடு சேர்த்து, செங்கல்லின் நுண்துளைகள் உறிஞ்சி ஏற்றின. சுவரின் முகத்தில் நீர் ஆவியாகிவிடும்; உப்புக்குப் போக வழியில்லை, தங்கிவிடும். அங்கே மிகுந்திருப்பது சோடியம் சல்ஃபேட். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஏறத்தாழ 32 பாகை செல்சியஸுக்குக் கீழே, காற்றில் ஈரமும் இருந்தால், அது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும். அப்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கும் மேலே போகும். வெயில் ஏறியதும் நீரை விட்டுவிட்டு மறுபடி சுருங்கும். இரவில் வீக்கம், பகலில் சுருக்கம். ஊசிமுனைகூட நுழையாத துளைக்குள் இது திரும்பத் திரும்ப நடந்தால் எந்தச் சூளையில் வெந்த செங்கல்லும் தாங்காது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உப்பு செங்கல்லின் மேற்பரப்புக்கு வந்து பூத்தால் பெரிய கேடில்லை. உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் உள்ளேயே படிந்தால்தான் முகம் பெயர்ந்து விழும். எங்கே படியும் என்பதை, நீர் எங்கே ஆவியாகிறது என்பதே தீர்மானிக்கிறது. அதைத் தீர்மானிப்பது நாம் மேலே என்ன பூசினோம் என்பது.

பூச்சில்லாத செங்கல் சுவர் அழகென்று விட்டுவைத்து, அதன்மேல் மின்னுவதற்காகக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பூச்சு அடிக்கும் வழக்கம் இப்போது பரவலாகியிருக்கிறது. முதல் மாதம் சுவர் நனைந்ததுபோல் செக்கச்செவேல் என்று ஜொலிக்கும். பின்னால் இருந்து ஈரம் வருவது நிற்கவில்லை என்றால், ஆவி வெளியேற வழி தேடிப் பூச்சுக்கு அடியில் முட்டும். உப்பும் அங்கேயே சேரும். ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் பால் சிந்தியதுபோல் திட்டுத் திட்டாக வெளுக்கும். பிறகு அந்தப் படலம் உரியும்போது, செங்கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். சூளை நெருப்பில் கெட்டிப்பட்ட அந்தத் தோல்தான் செங்கல்லின் மிகப் பெரிய காப்பு. ஒருமுறை போனால் திரும்ப வராது. பழைய கட்டடங்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யக் கூடாது என்று பாதுகாப்பு வல்லுநர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

துளையை அடைப்பதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. புது மண்சட்டியைப் பழக்கும்போது அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றிக் காய்ச்சுகிறோம். மாவுச்சத்து துளைகளில் இறங்கி அடைக்கிறது. ஊறுகாய் ஜாடிக்கு உள்ளும் புறமும் கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் ஈரம் ஊட்டும் பூமி இல்லை. தரைக்கும் சுவருக்கும் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிச் செலவு மிஞ்சும்.

மொகஞ்சதாரோ மக்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. அங்குள்ள பெரிய குளியல் குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். தண்ணீர் கசியாமல் இருக்க அவர்கள் செங்கல்லை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்தால் இணைத்தார்கள். நிலக்கீலை எங்கே பூசினார்கள் என்பதுதான் வியப்பு: செங்கல்லின் முகத்தில் இல்லை, அதற்குப் பின்னால், சுவருக்குள் மறைவாக. முகத்துச் செங்கல்லை வெறுமையாக விட்டுவிட்டு, நீரின் பாதையை உள்ளே மறித்தார்கள். இன்றைய பொறியாளரும் இதையே செய்யச் சொல்வார்.

அந்த நகரைக் காப்பாற்ற யுனெஸ்கோ 1974-இல் தொடங்கிய பன்னாட்டு இயக்கம் 1997 வரை நடந்தது. ஆற்றின் அரிப்பைத் தடுக்கும் வேலைகள் நடந்தன. நிலத்தடி நீரை இறக்க ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். ஆனால் சுவரின் முகத்துக்குக் காப்பாக நிலைத்தது வெறும் களிமண். உப்பில்லாத மண்ணைக் குழைத்துச் செங்கல்லின் மேல் பூசிவிடுகிறார்கள். நீர் அந்த மண் பூச்சு வழியாக ஆவியாகிறது. உப்பு அதில் படிகிறது. உதிர்வது மண், செங்கல் இல்லை. உதிர்ந்ததும் மறுபடி பூசுகிறார்கள். கட்டடப் பாதுகாப்பில் இதைத் தியாகப் பூச்சு என்கிறார்கள். பூசிய சுவர் பார்க்க அழகாக இருக்காது. தொல்லியலைத் தேடி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். இருந்தாலும் கோடி கொடுத்து வாங்கும் ரசாயனத்தைவிட இந்தச் சேறு நாணயமாக வேலை செய்கிறது. ஒரே நிபந்தனை, ஆள் இருந்து பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஓய்வே இல்லை: 2022 ஆகஸ்டில் கொட்டிய பெருமழையில் மொகஞ்சதாரோவின் பல சுவர்கள் சேதமடைந்தன.

வீட்டுக்கு என்ன வழி? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்: ஒழுகும் குழாய், சுவரோரம் ஏற்றிவிட்ட தோட்ட மண், சரிவில்லாத மொட்டைமாடி. அதை நிறுத்தி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும். அதன்பிறகு பூச வேண்டுமென்றால் சிலேன், சிலாக்ஸேன் வகை சீலர்கள் இருக்கின்றன. இவை துளையை நிரப்புவதில்லை. துளையின் உட்சுவரில் மெல்லப் படிந்து நீர்த்துளியை மட்டும் விலக்கும், ஆவியை விடும். உப்பும் ஓதமும் ஏறும் சுவரில் இவற்றையும் அடிக்கக் கூடாது. சீலர் இறங்கிய ஆழத்துக்குப் பின்னால் உப்பு கூடி, அந்தப் பத்தையையே தள்ளிவிடும். உட்புற டெரகோட்டா தரைக்கு ஆளி விதை எண்ணெயும் மெழுகும் பழைய, நம்பகமான முறை. மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகத் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள். சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவும் வேலையை யார் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம். அந்த அமிலம் துளைக்குள் குளோரைடு உப்பை விட்டுவிட்டுப் போகும்.

வைகைக் கரையில், கீழடியிலும் செங்கல் கட்டுமானங்கள் வெளிப்பட்டிருக்கின்றன. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழாய்வுக் குழிகளை அப்படியே மக்கள் பார்க்கும்படி திறந்தவெளிக் காட்சியகம் அமைக்கும் பணியையும் அரசு கையில் எடுத்தது. கூரையோடும் கண்ணாடித் தடுப்போடும் அந்த வேலை முடிந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் ஈரத்தையும் உப்பையும் அளக்க ஒரு ஆளும், சுவரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற கொத்தனார்களும், அவர்களுக்கு நிலையான சம்பளமும் முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதற்கு வழியில்லாத குழிகளை மண்ணால் மூடிவிடுவதே அந்தச் செங்கற்களுக்குச் செய்யும் நல்லது.