பெயரில்லாதவர்களின் இலண்டன்

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் தவறாமல் காணும் இடங்கள் சில உண்டு. மன்னரின் அதிகாரபூர்வ இல்லமான பக்கிங்ஹாம் அரண்மனை, முடிசூட்டு விழாக்கள் நிகழும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள பழைய கோட்டை, நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அங்கே வேலை பார்க்கும் என் மகனின் இல்லத்தில் ஒரு மாதம் தங்கச் சென்ற நானும், முதல் நான்கு நாட்களில் இவற்றையெல்லாம் பார்த்து முடித்தேன். கால்கள் வலித்தன, கண்கள் நிறைந்தன. ஆயினும் மனத்தில் ஏதோ ஒரு குறை இருந்தது.

ஐந்தாம் நாள் காலை காப்பி கொடுக்கும்போது என் மருமகள், "மாமா, அரசர்களையும் தளபதிகளையும் பார்த்தாகிவிட்டது. இனி நம்மைப் போன்றவர்களைப் பாருங்களேன்" என்று சொல்லி, ஒரு சீட்டில் நான்கு இடங்களின் பெயரை எழுதிக் கொடுத்தாள். வழிகாட்டிப் புத்தகங்கள் பலவற்றில் அவை ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறுவதில்லை. எனினும் இலண்டனை நினைக்கும்போதெல்லாம் இன்று என் மனத்தில் முதலில் எழுவன அந்த நான்கு இடங்களே. நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகளைக் காண அந்நகருக்குச் செல்லும் பெற்றோர் பலர் உள்ளனர். அவர்களுக்குப் பயன்படும் என்றே இதனை எழுதுகிறேன்.

தாய்மார் விட்டுச் சென்ற அடையாளங்கள்

ரஸல் ஸ்குவேர் என்னும் பாதாள ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஒரு பொருட்காட்சிச் சாலை இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பழைய இல்லத்தின் வரலாற்றைக் கூறுவது அது. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் இலண்டன் தெருக்களில் குழந்தைகள் கிடந்து மடிவதைக் கண்டு மனம் பொறாதவராய்ப் பதினேழு ஆண்டுகள் பெரியோர்களின் படியேறி இறங்கினார். 1739-ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் அனுமதிப் பத்திரம் அளித்தார். 1741-இல் முதற் குழந்தைகள் சேர்க்கப்பட்டன. ஓவியர் ஹோகார்த் தம் ஓவியங்களை இல்லத்திற்கு அளித்தார். இசை மேதை ஹாண்டெல் தமது 'மெசையா' இசைப் படைப்பை அங்கு நிகழ்த்திப் பொருள் திரட்டித் தந்தார்.

வறுமையாலோ ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியோ குழந்தையை விட்டுச் செல்ல வந்த தாய்மார்கள் பலர். இடமோ குறைவு. ஆகவே ஒரு பையில் நிறப் பந்துகளை இட்டு, அவற்றுள் ஒன்றை எடுக்கச் செய்தனர். வெள்ளைப் பந்து வந்தால், நோயற்ற குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையுடன் திரும்ப வேண்டியதுதான். வெள்ளைப் பந்தை எடுத்தவள் மகிழ்ந்திருப்பாளா, அழுதிருப்பாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உள்ளே சேர்ந்த குழந்தைக்கு வேறு பெயர் இடப்பட்டது. பின்னொரு நாள் தாய் திரும்பி வந்தால் தன் குழந்தையை அறிவது எப்படி? அதற்காக அவள் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்வாள். பாதியாக வெட்டிய காசு, ஒரு பொத்தான், ஒரு மோதிரம், ஒரு கொட்டையின் ஓடு ஆகியவை கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாக உள்ளன. ஒன்றும் இல்லாதவளின் குழந்தைக்கு அதன் ஆடையிலிருந்து வெட்டிய துணித்துண்டே அடையாளம் ஆயிற்று. 1741 முதல் 1760 வரை அவ்வில்லத்தில் சேர்ந்த குழந்தைகள் 16,282. பெற்றோரால் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டவர்கள் 152 பேரே.

அப்பேழையின் முன் நின்றபோது என் தந்தையாரின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தில்லிக்கு எழுத்தர் வேலைக்கு வந்தபோது அவர் கொண்டு வந்த ஒரே உடைமை அது. மூடியின் உட்புறத்தில் ஊரின் பெயரைத் தம் கையாலேயே வண்ணத்தில் எழுதியிருந்தார். அவர் மறைந்தபின் வீடு மாற்றியபோது, இடமில்லை என்று அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் நானே எடை போட்டுக் கொடுத்தேன். எத்தனை ரூபாய் கிடைத்தது என்பதுகூட நினைவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் முகமறியாத ஏழைப் பெண் ஒருத்தி விட்டுச் சென்ற கொட்டை ஓட்டை இவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள்!

அருகிலேயே, பழைய இல்லம் நின்ற நிலத்தில், கோரம் பெயரால் ஒரு விளையாட்டுத் திடல் இருக்கிறது. இங்கு ஒரு விதி உண்டு: குழந்தை உடன் வந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி. தனியே சென்ற நான் வாயிலோடு திரும்பினேன். மறுநாள் ஆறு வயதுப் பேரனுடன் சென்றேன். "தாத்தாவை நான்தான் கூட்டி வந்தேன்" என்று அவன் அன்று மாலை முழுவதும் பெருமை பேசிக் கொண்டிருந்தான்.

தபால்காரர் பூங்கா

புனித பால் பேராலயத்தைக் காண வரும் கூட்டத்திற்கு அளவில்லை. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள தபால்காரர் பூங்காவில் நான் சென்ற அன்று பத்துப் பேர்கூட இல்லை. முன்பு அருகில் இருந்த தலைமைத் தபால் நிலைய ஊழியர்கள் நண்பகலில் உணவருந்த வந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது.

அங்கே ஒரு சிறு தாழ்வாரம் உண்டு. அதன் சுவரில் ஓட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. பிறரைக் காக்கத் தம் உயிரை ஈந்த எளியோரின் பெயர்கள் அவற்றில் உள்ளன. ஜார்ஜ் பிரெடரிக் வாட்ஸ் என்ற ஓவியர், விக்டோரியா அரசியின் ஐம்பதாம் ஆண்டு விழாவின்போது, 1887-இல், இத்தகையோருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று எழுதினார். அரசு முன்வரவில்லை. எனவே தாமே முயன்று 1900-இல் இதனை அமைத்தார். திறந்த அன்று நான்கு பலகைகளே இருந்தன. இன்று 54 உள்ளன.

ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிகளில் ஒரு வாழ்வைக் கூறுகிறது. தோழியின் ஆடையில் பற்றிய தீயை அணைக்கப் போய்த் தானும் எரிந்த நாடக நடிகை ஒருத்தி. தொண்டை அடைப்பான் நோயுற்ற குழந்தையைக் காக்க முயன்று அந்நோயாலேயே மாண்ட இளம் மருத்துவர் ஒருவர். உறைந்த குளத்தில் பனிக்கட்டி உடைந்து மூழ்கியவர்கள் பலரைக் கரையேற்றிவிட்டுக் களைப்பால் உயிர்விட்ட ஒருவர்.

ஆலிஸ் அயர்ஸ் என்ற பெண்ணின் பலகை முன் நெடுநேரம் நின்றேன். தமக்கையின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக் கொண்டிருந்தவள் அவள். கீழே எண்ணெய்க் கடை, மேலே குடியிருப்பு. 1885 ஏப்ரலில் ஓர் இரவு தீப்பற்றியது. சன்னல் வழியே மெத்தை ஒன்றைத் தெருவில் எறிந்து, மூன்று குழந்தைகளையும் ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் போட்டாள். கடைசியில் தானும் குதித்தாள். அதற்குள் புகையால் வலுவிழந்துவிட்டமையால் தவறி விழுந்து, சில நாட்களில் உயிர் நீத்தாள். வயது இருபத்தைந்து.

1931-க்குப் பிறகு நெடுங்காலம் புதிய பலகை எதுவும் வைக்கப்படவில்லை. 2009-இல் ஒன்று சேர்ந்தது: கால்வாயில் மூழ்கிய சிறுவனைக் காக்க 2007-இல் குதித்து உயிரிழந்த ஓர் இளைஞரின் நினைவாக. சுவரில் இன்னும் வெற்றிடம் இருக்கிறது.

நாடா கட்டிய கதவு

பேராலயத்திலிருந்து தெற்கே நடந்து, நடையர்களுக்கென்றே கட்டப்பட்ட மிலேனியம் பாலத்தின் வழியே தேம்ஸைக் கடந்தால் சதர்க் பகுதி வரும். அங்கே, ஆலிஸ் அயர்ஸ் வாழ்ந்த தெருவுக்கு அருகில், ரெட்கிராஸ் வே என்ற சிறு வீதியில் ஓர் இரும்புக் கதவைக் கண்டேன். கம்பி தெரியாதபடி வண்ண நாடாக்களும் காய்ந்த மலர்களும் அதில் கட்டப்பட்டிருந்தன.

கிராஸ்போன்ஸ் என்னும் பழைய இடுகாடு அது. திருச்சபையின் இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்ட விலைமகளிரும், பின்னாளில் வறியோரும் இங்குப் புதைக்கப்பட்டனர். இனி இடமில்லை என்ற நிலையில் 1853-இல் இதனை மூடினர். ஏறத்தாழ 15,000 பேர் இம்மண்ணில் உறங்குவதாகக் கணக்கிடுகின்றனர். ஒருவருக்கும் கல்லறை இல்லை. 1990-களில் ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது 148 உடல்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை சிறு குழந்தைகளுடையவை.

மறக்கப்பட்ட இவ்விடத்தை மீட்டவர்கள் அப்பகுதி மக்களே. கட்டடம் எழுப்பவிடாமல் பல்லாண்டு போராடிச் சிறு தோட்டமாக ஆக்கினர். நானும் கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்து அக்கதவில் கட்டிவிட்டு வந்தேன். யாருக்காக என்று கேட்டால் விடை இல்லை.

ஒரு கட்டடம், நான்கு கூட்டம்

நான்காவது இடம் கிழக்கு இலண்டனில் உள்ளது. ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கி, பிரிக் லேன் வழியே நடந்தால், பூர்னியே தெரு முனையில் செங்கல்லாலான ஒரு கட்டடம் நிற்கிறது. வெளியூரில் வாழும் நம் போன்றவர்கள் கட்டாயம் காண வேண்டியது இது.

பிரான்சில் சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டுகள் 1743-இல் இதனைத் தம் தேவாலயமாகக் கட்டினர். அவர்கள் பட்டு நெசவாளர். நெசவுக்கு வெளிச்சம் வேண்டி மாடியில் அகன்ற சன்னல்கள் வைத்த அவர்களுடைய வீடுகள் இன்றும் அருகில் உள்ளன. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் ஆங்கிலேயருடன் கலந்து வேறிடம் சென்றனர். 1819-இல் கட்டடம் மெதடிஸ்ட் சபையினரின் கோவிலாயிற்று. பின்னர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்தனர். 1898-இல் அது யூதர் தொழுகைக் கூடமாயிற்று. அவர்களும் செழித்து வேறு பகுதிகளுக்குச் சென்றபின், சில்ஹட்டிலிருந்து வங்காள முஸ்லிம்கள் குடியேறினர். 1976 முதல் அது பள்ளிவாசல்.

கதவு ஒன்றே, அதனுள் நுழைந்தோர் நான்கு கூட்டத்தார். வந்தவர்களை ஊர் எளிதில் வரவேற்றுவிடவில்லை. 1978-இல் ஆல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி நிறவெறியர்களால் அருகில் கொல்லப்பட்டார். அவர் பெயர் தாங்கிய பூங்கா அங்கே உள்ளது. கட்டடத்தின் சுவரில் உயரே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. மனிதர் வெறும் நிழல்களே என்னும் பொருளில் இலத்தீன் மொழியில் அதில் பொறித்திருக்கிறார்கள். நாடு விட்டு வந்தவர்கள் பொறித்த சொல் அது.

ஊர் திரும்புவதற்கு முன் ஹைகேட் பகுதியில் ஆர்ச்வே சாலையில் உள்ள முருகன் கோவிலுக்குச் சென்றோம். ஐந்தாவது கூட்டத்தின் கதையில் ஒரு பக்கம் அங்கே எழுதப்பட்டு வருகிறது என்று எண்ணிக்கொண்டேன். பேரன் கந்தன் பெயரைக் கொஞ்சம் ஆங்கில ஓசையுடன் சொன்னான். அதுவும் காதுக்கு இனிதாகவே இருந்தது.

தில்லி வந்ததும் நான் செய்த முதல் வேலை ஒன்று உண்டு. தந்தையாரின் பெயர், அவர் ஊர், எந்த ஆண்டில் எந்த ரயிலில் வந்தார், முதல் வாடகை அறை எத்தெருவில் இருந்தது, யாருடன் பகிர்ந்து உண்டார் என்பனவற்றை நினைவுள்ளவரை ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். பல கேள்விகளுக்கு விடை தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. பெட்டியோ போயிற்று.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டியோ, கூஜாவோ, பழைய கடிதமோ இருக்குமாயின், அன்பர்களே, எடைக்குப் போடாதீர்கள். முதியவர் ஒருவர் இருப்பாராயின் இன்றிரவே அருகில் அமர்ந்து கேளுங்கள். இலண்டன் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் அந்த நான்கு இடங்களையும் பாருங்கள். கிட்டாவிட்டாலும் குறையில்லை. நம் வீட்டுப் பரணில் தேடத் தொடங்கலாம்.