சாளரத்தில் நின்றவன்

பொங்கல் விடுமுறையில் எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று எங்கள் பங்கின் பாடகர் குழுச் சிறுவர் சிறுமியர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். இராட்சத இராட்டினமும் நீர்ச்சறுக்கும் உள்ள பூங்காவுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். திரும்பும் வழியில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு மணிநேரம் விளையாட விடுவது என்று உடன்படிக்கை செய்துகொண்டு, 2024 சனவரியில் ஒருநாள் விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் புதுவையிலிருந்து பேருந்தில் புறப்பட்டோம்.

தட்சிணசித்ராவை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். தென்னிந்திய மக்களின் வாழ்வையும் கலைகளையும் காட்டும் பத்து ஏக்கர் திடல் அது. 1996 டிசம்பரில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளிலிருந்து, இடிபட இருந்த பழைய வீடுகளைக் கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்து எடுத்து வந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். லாரி பேக்கர் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் எண்ணம் அந்த வளாகத்தில் படிந்துள்ளது. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றுவிட்டு நான்கு எட்டு வைத்தால் கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் இல்லம். மரத்தால் இழைத்த அந்த வீட்டில், எத்தனை தலைமுறையினர் மாலைச் செபம் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணியவாறு சற்று நேரம் நின்றேன். பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. தொலைவில் பறை முழங்கியது, அவர்கள் ஓடிவிட்டார்கள்.

பொங்கல் நாட்களாதலால் திடலெங்கும் கலைஞர்கள். கரகம் ஒருபுறம், பொய்க்கால் குதிரை மறுபுறம். நண்பகலுக்குப் பின் தெருக்கூத்து என்று சொன்னார்கள். ஒரு திண்ணையில் கூத்துக் கலைஞர்கள் பாய் விரித்துத் தம் அணிகலன்களைப் பரப்பி வைத்திருந்தனர். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்த கிரீடம், புயக்கட்டை, மார்புப் பதக்கம். கூட்டம் அவற்றை ஒரு கண்காட்சியைப் போல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது, படம் எடுத்தது. எங்கள் குழுவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி என் அங்கியைப் பற்றி இழுத்துக் கேட்டாள்: "ஃபாதர், இதெல்லாம் அந்தக் காலத்துல நம்ம ஊருலயும் இருந்துச்சா? ஏன் நின்னுபோச்சு?"

"காலம் மாறிவிட்டது அம்மா" என்றேன். அந்தச் சொற்களை இதற்கு முன்னும் ஒருமுறை, ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

கூத்து தொடங்கியது. கர்ண மோட்சம். ஊர்களில் இரவெல்லாம் நடப்பதை இங்கே ஒரு மணிநேரத்தில் சுருக்கியிருந்தார்கள். எனினும் குறையொன்றுமில்லை. ஆர்மோனியத்தின் சுருதியில் பின்பாட்டுக்காரர்கள் குரலெடுக்க, மிருதங்கம் அதிர, அவற்றுக்கெல்லாம் மேலே முகவீணையின் கூரிய நாதம் வானத்தைக் கீறிக்கொண்டு போயிற்று. கட்டியங்காரன் வந்து சென்னைப் போக்குவரத்தைப் பற்றி ஒரு நையாண்டி செய்தான், குழுமியிருந்தோர் குலுங்கினர். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை ஒலி மட்டும் கேட்டது. திரை விலகியதும் கர்ணன் சுழன்று சுழன்று ஆடி வந்தான். அவன் பாவாடை குடையாய் விரிந்தது. எங்கள் பிள்ளைகள் இராட்டினத்தை மறந்துவிட்டார்கள். நான் என் வயதை மறந்துவிட்டேன். என் கால் தானே தாளமிட்டது. பல்லாண்டுகளாய் அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று உள்ளே கட்டவிழ்வது போலிருந்தது. தூய மகிழ்ச்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

பின்னர் பொன்னுருவி வந்தாள். பெண் வேடமிட்ட ஆண்தான். ஆயினும் இரண்டாம் அடியிலேயே நாம் அதை மறந்து விடுகிறோம். போர்க்களம் செல்லுமுன் மனைவியிடம் விடைபெற வருகிறான் கர்ணன். பிறப்பு அறியாதவன், தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று அவனை அவள் இகழ்கிறாள். அவன் கெஞ்சுகிறான்; அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அன்று மாலை அவன் திரும்பப் போவதில்லை என்பது அவையில் இருப்போர் அனைவருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

அந்த இடத்தில் என் கண்கள் கலங்கின. பிள்ளைகள் கர்ணனுக்காக என்று எண்ணியிருப்பார்கள். உண்மையில் நான் வேறொருவரைக் கண்டேன்.

1998ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த நான் ஒரு சிற்றூரின் பங்குப் பொறுப்பை ஏற்றிருந்தேன். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை, பிழை ஊருடையதன்று. பாதுகாவலர் திருவிழாவில் தேர்ப்பவனி முடிந்த இரவு, கோவில் திடலில் ஞானசௌந்தரி கூத்து ஆடுவது அவ்வூரின் தலைமுறை வழக்கம். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படும் இளவரசிக்குத் தேவமாதா கைகளை மீண்டும் தந்தருளும் கதை அது. பகலில் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருவர் ஞானசௌந்தரியாய் நின்று பாடுவார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஊரின் முதிய உபதேசியாரே கூத்து வாத்தியார். அவர் தந்தை கைப்பட எழுதிய ஏட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒத்திகை நடத்துவார்.

முதலாண்டு நான் அதைத் திடலில் அமர்ந்து பார்க்கவில்லை. பங்கு இல்லத்தின் மாடியில் விளக்கை அணைத்துவிட்டுச் சாளரத்தருகே நின்று பார்த்தேன். அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு முன், இனிக் கூத்து வேண்டாம் என்று அறிவித்தேன். காரணங்கள் பல சொன்னேன். மறுநாள் திருப்பலியில் பாதிப்பேர் தூங்குகிறார்கள். குடித்துவிட்டு வந்து சிலர் சச்சரவு செய்கிறார்கள். கதைக்கு விவிலிய அடிப்படை இல்லை. அவற்றில் பொய்யொன்றும் இல்லை. ஆனால் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அரிதாரமும் அலறலுமாக இந்த நாட்டுப்புறக் கூத்து எனக்கு வெட்கமாயிருந்தது. படித்த ஒரு குருவின் பங்கில் இது நடக்கலாமா?

ஒரு மாலை வாத்தியார் ஏட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "சாமி, இந்த ஒரு வருசம் மட்டும் உடுங்க. பசங்க பாட்டெல்லாம் கத்துக்கிட்டானுங்க" என்றார். ஏட்டை மேசை மேல் வைத்தார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "காலம் மாறிவிட்டது பெரியவரே" என்றேன். அவர் வாதிடவில்லை. "சரிங்க, தோத்திரம் சாமி" என்று கைகூப்பிவிட்டு ஏட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவ்வாண்டு திடலில் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோவும் வைத்து இயேசுவின் வாழ்வு பற்றிய படம் காட்டினோம். பத்து மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிட்டது. மறுநாள் திருப்பலியில் ஒருவரும் தூங்கவில்லை. நான் வென்றுவிட்டதாக எண்ணினேன்.

இதில் வியப்பு என்னவெனில், எனக்கு இறையியல் கற்பித்தவர்கள் இதற்கு நேர்மாறாகவே கற்பித்தார்கள். ஒவ்வொரு மக்களினத்துக்கும் உரிய இசை மரபுக்கு வழிபாட்டில்கூடத் தக்க மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் பணிக்கிறது. அதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஐரோப்பாவில் நாடகம் மறுபிறவி எடுத்ததே திருக்கோவில்களில்தான் என்பதையும் படித்திருந்தேன். கல்லறைக்கு வந்த பெண்களும் வானதூதரும் உரையாடுவதாகப் பத்தாம் நூற்றாண்டுத் துறவு மடங்களில் பாஸ்கா நாளன்று பாடிய சிறு பாடலே அதன் விதை. செருமனியின் ஓபராம்மர்காவ் என்னும் மலைக்கிராமம் கொள்ளைநோயிலிருந்து காக்கப்பட வேண்டி 1633இல் நேர்ந்துகொண்டு, 1634 முதல் ஆண்டவரின் பாடுகளை இசையோடு நடித்து வருகிறது. 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. உலகெங்கிலுமிருந்து மக்கள் சீட்டு வாங்கிப் போகிறார்கள். ஆனால் அங்கே பிறந்தவர்களும் இருபது ஆண்டுகளாவது அங்கே வாழ்ந்தவர்களுமே மேடையேறலாம். தச்சரும் கடைக்காரரும் இயேசுவாய், பேதுருவாய் நிற்கிறார்கள். அதை வியந்து படித்த எனக்கு, செங்கல் சூளைத் தொழிலாளி ஞானசௌந்தரியாய் நின்றது ஏன் வெட்கமாயிற்று?

சாமுவேலின் இரண்டாம் நூல் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவரின் பேழை நகருக்குள் வருகிறது. தாவீது தன்னை மறந்து ஆடுகிறார். சவுலின் மகள் மீக்கால் அதைப் பலகணி வழியாகப் பார்த்துத் தன் உள்ளத்தில் அவரை இகழ்கிறாள். அவள் சாகும்வரை பிள்ளைப் பேறின்றி இருந்தாள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. இப்பகுதியைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைத் தாவீதின் பக்கமே நிறுத்திக்கொண்டேன். முட்டுக்காட்டில், புல்தரையில் அமர்ந்து, கணவனை இகழும் பொன்னுருவியைப் பார்த்தபோதுதான் நான் நின்ற இடம் எதுவென்று தெரிந்தது. நான் நின்றது சாளரத்தில். விளக்கை அணைத்துவிட்டு நின்றேன். அந்த இருட்டில் என் கால் தாளமிட்டதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மாமல்லபுரத்தில் கடலாடிக் களைத்த பிள்ளைகள் திரும்பும் வழியில் உறங்கிவிட்டனர். பேருந்து காலாப்பட்டைக் கடந்தது. அங்கே புதுவைப் பல்கலைக்கழகத்தில் அமைந்த நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தவர் அவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என இசை நாடகங்களை எழுதிக் குவித்து, 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை கண்டவர். 1922 நவம்பர் 13ஆம் நாள் அவர் கண்மூடியது நம் புதுவையில்தான். மறுநாள் மாலை கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடத்துக்குச் சென்றேன். ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் எங்கெங்கிருந்தோ நாடகக் கலைஞர்கள் வந்து வணங்கிச் செல்லும் இடம். இவ்வூரில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றியும் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கூத்தைக் காண நுழைவுச் சீட்டு வாங்கி மூன்று மணிநேரம் பயணம் செய்தேன், அருகிலிருந்ததைக் கண்டேனில்லை.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் அந்தப் பழைய பங்குக்குப் போனேன். வாத்தியார் இறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் மகன் பரணிலிருந்து ஏட்டை எடுத்துத் தந்தார். அதே துணி. 26 ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் இருந்ததை அன்றுதான் திறந்தேன். முன்பகுதி நன்றாக இருந்தது. கடைசிப் பக்கங்களைச் செல்லரித்திருந்தது. தேவமாதா கைகளை மீட்டுத் தரும் காட்சி அவற்றில்தான் இருந்திருக்கிறது. "அப்பா ஒங்க மேல வருத்தப்பட்டதே இல்லீங்க சாமி. சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவாரு" என்றார் மகன். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போதைய பங்குத் தந்தை இளைஞர், என்னைவிடத் தெளிந்தவர். அவ்வாண்டுத் திருவிழாவில் ஏட்டில் மிஞ்சிய இரண்டு காட்சிகளை மட்டும் ஆட இசைந்தார். வாத்தியாரின் பேத்தி ஞானசௌந்தரியாய் நின்றாள். எனக்கு மேடையருகே நாற்காலி போட்டார்கள். வேண்டாமென்று மணலில் அமர்ந்தேன். குரல் பல இடங்களில் பிசிறியது. ஆர்மோனியம் வாடகைக்கு வந்தது. ஒரு மணிநேரத்தில் முடிந்துவிட்டது. வெட்டுண்ட கைகளோடு இளவரசி காட்டில் நிற்பதோடு திரை போட்டார்கள். மேலே பாட்டு இல்லை. மூதாட்டிகள் சிலர் அடுத்த பாட்டின் முதல் இரண்டடியை முணுமுணுத்தனர். அதற்கு மேல் அவர்களுக்கும் நினைவில்லை.

அந்தக் கைகளை வெட்டியவன் யாரென்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் முன்பு பின்பாட்டுப் பாடிய முதியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கடைசிக் காட்சி பாடம் என்கிறார்கள். அவருக்குச் செவி மந்தம். நினைவும் வந்து வந்து போகிறதாம். இருமுறை சென்றேன், நான்கு பாட்டுக் கிடைத்திருக்கிறது. மீண்டும் போவேன்.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊர்க் கோவிலிலும் இப்படியொரு ஏடு ஏதேனும் பரணில் கிடக்கலாம். அதை அறிந்த முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். இன்று மாலையே போய்க் கேளுங்கள். அவர் பாடத் தொடங்கினால், நின்றுகொண்டு கேட்காதீர்கள், அருகில் அமருங்கள்.